சோப்பு வாங்காத ஆய்வகம்

மூக்கு என்றால் அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதைச் சம்பளப் பட்டியலைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தியதில்லை. பன்னிரண்டு வருடமாக அவர் வாயுப் பகுப்பு இயந்திரத்தோடு குடித்தனம் நடத்துகிறவர். அந்த இயந்திரம் பார்ப்பது கிட்டத்தட்ட மோப்பம் பிடிக்கும் வேலைதான். எண்ணெயைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி மூடிச் சூடாக்கினால் மேலே ஆவி நிற்கும். அந்த ஆவியைக் கொஞ்சம் ஊசியால் உறிஞ்சி இயந்திரத்தின் வாயில் குத்த வேண்டும். உள்ளே ஓடும் ஹீலியம் வாயு அதைத் தள்ளிக்கொண்டு, தலைமுடி மாதிரி மெல்லிய முப்பது மீட்டர் குழாய்ச் சுருளைக் கடந்து மறுமுனைக்குக் கொண்டுபோகும். எந்தப் பொருள் எத்தனையாவது நிமிடத்தில் வந்து சேர்கிறது என்பதை வைத்து அது இன்னது என்று சொல்லிவிடலாம். வந்து சேரும்போது திரையில் ஓடும் கோடு கூம்பாக எழுந்து இறங்கும். அதற்குப் பீக் என்று பெயர்.

எண்ணெய் ஆலைகளில் வித்துகளிலிருந்து கடைசிச் சொட்டு எண்ணெயையும் கறக்க ஹெக்சேன் என்ற கரைப்பானை ஊற்றுவார்கள். பிறகு அதை ஆவியாக்கி எடுத்துவிட வேண்டும். எடுத்தார்களா, மிச்சம் வைத்தார்களா என்று கண்டுபிடிப்பதுதான் மூக்கின் பிழைப்பு. ஹெக்சேன் இரண்டே கால் நிமிடத்தில் வரும். அந்த இரண்டே கால் நிமிடத்தை நம்பி ஊரே சமைத்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கையில் ஒரு வருடம் ஆய்வகத்துக்குச் சிக்கனம் பிடித்தது. சளி பிடிப்பது மாதிரிதான். மேலிடத்தில் யாரோ தும்மினார்கள். கீழே எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. 'நுகர்பொருள் சிக்கன உயர்மட்டக் குழு' என்று ஒன்பது பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. குழு உட்காருவதற்குச் சுழல் நாற்காலிகள் ஒன்பது வந்தன. நாற்காலிகளை வைக்க இடம் வேண்டும் என்பதால் வாயு உருளைகள் இருந்த அறை காலி செய்யப்பட்டு, உருளைகள் கழிப்பறைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டன.

குழுவை நடத்த ஒரு சிக்கன அலுவலர் வந்தார். முன்பிருந்த அலுவலகத்தில் கோப்புகளிலிருந்து பழைய குண்டூசிகளைப் பிடுங்கி, நிமிர்த்தி, மறுபடி குத்த வைத்துப் பேர் வாங்கியவர். அதனால் அவருக்குக் குண்டூசி என்றே பெயர். ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்த முதல் நாளே இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"ரப்பர் வில்லை சார். செப்டம்னு சொல்லுவோம். ஊசி இது வழியாத்தான் உள்ள போகும். வாயு வெளிய கசியாம பிடிச்சுக்கும்."

"எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்துறீங்க?"

"நூறு குத்துக்கு ஒருதரம் சார். அதுக்கு மேல போனா ஓட்டை பெருசாயிடும், தூள் உள்ள விழும்."

குண்டூசி வில்லையை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும்.

"எனக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலையே. அப்ப ஓட்டை இல்லைன்னுதானே அர்த்தம்?"

மூக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு மூன்று வருடமாக இயக்குநர் மேசையில் ஊறிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. எடுத்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். முதல் தடவை அது, பெரிதாக வலிக்கவில்லை.

மறுவாரம் 'ரப்பர் வில்லை ஓய்வுபெறும் படிவம்' வந்தது. வில்லை பணியில் சேர்ந்த நாள், இதுவரை வாங்கிய குத்துகள், ஓய்வுக்கான காரணம் முதுமையா, விபத்தா, ஊழியரின் அலட்சியமா என்றெல்லாம் நான்கு பக்கம். நிரப்பிக்கொண்டு, பழைய வில்லையையும் கையில் பிடித்துக்கொண்டு மூக்கு ஸ்டோருக்குப் போனார். ஸ்டோர்காரர் வில்லையைத் தராசில் வைத்தார்.

"எடை குறையுதே சார்."

"தேய்ஞ்சிருக்கும்பா. ஊசி குத்தக் குத்தத் தூளா உதிரும்."

"உதிர்ந்தது எங்க?"

"மெஷினுக்குள்ள."

"அப்ப ஆபீஸ் சொத்து கொஞ்சம் உங்க மெஷினுக்குள்ள இருக்கு. அதையும் கொண்டாந்து ஒப்படைங்க. முழு எடை வந்தாத்தான் புதுசு குடுக்க முடியும். என் மேல கோவிச்சுக்காதீங்க, நானும் பிள்ளகுட்டிக்காரன்."

மூக்கு அரைநாள் உட்கார்ந்து, இயந்திரத்தின் தொண்டையிலிருந்து ரப்பர் தூளை இடுக்கியால் பொறுக்கி எடுத்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ஸ்டோர்காரர் பெற்றுக்கொண்டதற்கு ரசீது கொடுத்தார். புது வில்லை கொடுக்கவில்லை. தூளில் கரி கலந்திருந்ததால் இப்போது எடை கூடிவிட்டதாம். அதிகப்படி எப்படி வந்தது என்று விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

அடுத்து குழுவின் கண் குப்பிகள் மேல் விழுந்தது. சோதனைக்கு வரும் ஓர் எண்ணெய் மாதிரிக்கு ஒரு புதுக் குப்பி, முடிந்ததும் குப்பையில் என்பதுதான் அதுவரை நடைமுறை. இனிமேல் கழுவிப் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். சரி, கழுவலாம், சோப்புப் போட்டு, வெந்நீரில் அலசி, அடுப்பில் காயவைத்தால் குடி முழுகிவிடாது என்று மூக்கு மனதைத் தேற்றிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அடுப்பு போயிற்று. காற்று இலவசமாகக் கிடைக்கும்போது மின்சாரத்தில் காயவைப்பது ஆடம்பரம் என்று சுற்றறிக்கை வந்தது. மூன்றாம் மாதம் சோப்பும் போயிற்று.

சோப்பை ஒழித்த கூட்டத்தில் இயக்குநரே பேசினார். அவர் பேச எழுந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். பிறகு அதைப் பார்க்கவே மாட்டார்.

"நம்ம கிடங்குல ஹெக்சேன் டிரம் நாலு கிடக்கு. காலாவதியாகி ரெண்டு வருஷம் ஆச்சு. கொட்டுறதுக்கும் காசு கேக்குறான். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஹெக்சேனை விட்டா வேற மருந்தே கிடையாது. அப்படி இருக்க, நாம கடையில போய் சோப்பு வாங்கிட்டு இருந்திருக்கோம். யோசிச்சுப் பாருங்க. எவ்வளவு வருஷம் நாம யோசிக்காமயே இருந்திருக்கோம்."

கைதட்டினார்கள். மூக்கும் இரண்டு கையையும் சேர்த்தார். சேர்த்த பிறகுதான் தட்டுகிறோம் என்று அவருக்கு உறைத்தது. மெல்ல எழுந்தார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம். நாம தேடுறதே ஹெக்சேனைத்தான்…"

"தேடுற பொருள் கையிலயே இருக்குன்னா நல்லதுதானே" என்றார் இயக்குநர். கூட்டம் சிரித்தது. "சந்தேகத்தை எழுத்துல குடுங்க. ரெண்டு பக்கமும் எழுதின பழைய தாள்ல குடுங்க. புதுத் தாள் வேண்டாம்."

இரண்டு பக்கமும் எழுதிய தாளில் மூன்றாவதாக எங்கே எழுதுவது என்று மூக்கு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர், "நல்ல பாயிண்ட் சார், விட்டுத் தள்ளுங்க" என்று முழங்கையால் இடித்தார்.

கடைசி வேலி ஒன்று மிச்சமிருந்தது. அதற்குப் பிளாங்க் என்று பெயர். மாதிரியைச் சோதிப்பதற்கு முன்னால் எதுவும் ஊற்றாத வெறும் குப்பி ஒன்றைச் சோதிப்பார்கள். கோடு தட்டையாக ஓடினால் குப்பியும் இயந்திரமும் சுத்தம். கோடு எழும்பினால் தப்பு நம்மிடம். எண்ணெய்க்காரன்மேல் பழி போடக்கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மூக்கு கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. குழு அதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிக் கண்டுபிடித்தது.

"தினம் மூணு தடவை காலிக் குப்பியைச் சோதிக்கிறீங்க" என்றார் குண்டூசி. "அதுல என்ன வருது?"

"ஒண்ணும் வராது சார். வரக்கூடாது."

"ஒண்ணும் வராதுன்னு முன்னாடியே தெரியுது. தெரிஞ்சும் ஹீலியத்தைச் செலவு பண்ணி, ஒண்ணும் இல்லைன்னு பதிவேட்டுல எழுதி, கையெழுத்தும் போடுறீங்க. பன்னிரண்டு வருஷமா." அவர் குரலில் கோபமே இல்லை. நோயாளியிடம் மருத்துவர் பேசுகிற பரிவுதான் இருந்தது. "பரவாயில்ல. பழசை விடுங்க."

பிளாங்க் நிறுத்தப்பட்டது. மிகவும் அவசியம் என்றால் 'இன்மைச் சோதனை அனுமதி' கேட்டு விண்ணப்பிக்கலாம். குழு கூடும்போது பரிசீலிக்கும் என்றார்கள்.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை கூத்துக்குப் பிறகும் ஆய்வகம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஆலை எண்ணெய்களுக்கு ஓர் அளவு வரை ஹெக்சேன் இருக்க அனுமதி உண்டு. குப்பியிலிருந்து கொஞ்சம் கூடினாலும் அந்த அளவுக்குள் அடங்கிப்போயிற்று. யாரும் சண்டைக்கு வரவில்லை. மூக்கும், அதான் ஒன்றும் ஆகவில்லையே என்று மாலை ஐந்தரைக்குப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகாதவரை மனிதனுக்கு எதுவும் உறைப்பதில்லை.

அப்புறம் செக்குக்காரம்மாவின் எண்ணெய் வந்தது.

மூக்கு குடியிருந்த தெருவுக்கு அடுத்த தெருவில், தகரக் கூரைக் கொட்டகை ஒன்றில் அந்த அம்மாள் சூரியகாந்தி விதை ஆட்டினார். ஒரே ஒரு மோட்டார் செக்கு. கணவர் இறந்த பிறகு அவர் விட்டுப்போன கடனையும் செக்கையும் சேர்த்து எடுத்து நடத்துகிறவர். வாடிக்கைக்காரர்கள் வீட்டிலிருந்து காலி பாட்டில் கொண்டுபோவார்கள். அந்த அம்மாள் வாங்கி, எதுவும் கேட்காமல் நிரப்பிக் கொடுப்பார். மூக்கு வீட்டுக்கும் அதே எண்ணெய்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை, சனிக்கிழமை, பாட்டிலோடு போய் நிற்பது அவர் வேலை. 'நம்ம ஆய்வகத்து சார்' என்று அந்த அம்மாள் மற்ற வாடிக்கைக்காரர்களிடம் அவரைக் காட்டிச் சொல்வதில் அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

மாதிரிகளுக்கு ரகசிய எண் ஒட்டும் சீட்டுகளும் சிக்கனத்தில் நின்றுபோயிருந்தன. அதனால் கடையின் பெயர் புட்டியிலேயே இருந்தது. மூக்கு எண்ணெயைக் குப்பியில் ஊற்றினார், சூடாக்கினார், குத்தினார். கரைப்பானே ஊற்றாத செக்கு எண்ணெயில் ஹெக்சேன் துளிகூட இருக்கக்கூடாது. இரண்டே கால் நிமிடத்தில் கோடு எழுந்தது. சின்னக் கூம்புதான். ஆனால் வெட்கமில்லாமல் நிமிர்ந்து நின்றது.

அவருக்கு அந்த நொடியே தெரியும். பிறகு எத்தனையோ முறை, அப்போது நிச்சயமாகத் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பொய். கழுவும் அறையிலிருந்து வந்த குப்பியின் ஈரம் கூட முழுக்க உலரவில்லை என்பதை அவர் விரல் அறிந்திருந்தது.

குண்டூசியிடம் போனார்.

"சார், ஒரு பிளாங்க் மட்டும் ஓட்டிக்கிறேன்."

"விண்ணப்பம் குடுங்க. அடுத்த குழுக் கூட்டம் இருபத்தி ரெண்டாம் தேதி."

"ரிப்போர்ட் நாளைக்குப் போகணுமே சார்."

"அப்ப போகட்டும்." குண்டூசி தலை நிமிராமலே சொன்னார். "உங்க பதவி உயர்வு ஃபைல்ல என்கிட்டயும் குறிப்பு கேட்டிருக்காங்க. 'விதிமுறைகளை மதிப்பவர்'னு எழுதலாம்னு இருக்கேன்."

மூக்கு இருக்கைக்குத் திரும்பினார். அறிக்கையின் அடியில், 'மாதிரியில் ஹெக்சேன் காணப்படுகிறது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை. அதுதான் பிறகு நினைத்தபோது அவருக்கு அசிங்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். கலப்பட எண்ணெய் என்று கதவில் தாள் ஒட்டினார்கள். செய்தி தெருவுக்கு வர அரைமணி நேரம் ஆயிற்று. சாயந்தரம் மூக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி சமையலறையில் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டீங்களா? அந்தம்மாவைப் பாத்தா அப்படியா தெரியுது? எத்தனை வருஷமா வாங்கிச் சாப்பிடுறோம்."

மூக்கு செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றார்.

"உங்க ஆய்வகத்துலதானே பாத்தாங்க? யார் பாத்தது?"

"நான்தான்."

மனைவி பாட்டிலை இன்னும் நன்றாக உதறினார். "அப்ப சந்தேகமே இல்ல. நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்."

மஞ்சள் எண்ணெய் தொட்டியில் வட்டமாகச் சுற்றி இறங்கியது. நிறுத்து, அதில் ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை அவர் செருப்பை வரிசையாக வைப்பதில் செலவழித்தார்.

திங்கட்கிழமை செக்குக்காரம்மா ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். கையில் அறிக்கை நகல். பார்வையாளர் நாற்காலி இல்லை. அதையும் குழு எடுத்துக்கொண்டிருந்தது. நின்றுகொண்டே பேசினார்.

"சார், உங்கள நம்பித்தான் வந்தேன். வேற யாரையும் எனக்குத் தெரியாது. இந்த ஹெக்சேன்னா என்ன சார்? இது எங்க விக்கும்னு கூட எனக்குத் தெரியாது. விதையைப் போடுறேன், எண்ணெய் வருது. நடுவுல எங்கேர்ந்து சார் வந்துச்சு?"

"மேல்முறையீடு பண்ணலாம்மா. முப்பது நாள் டைம் இருக்கு."

"பண்ணுறேன். ஆனா என்ன சொல்லிப் பண்ணுறது? என்ன தப்பு பண்ணேன்னு எனக்கே தெரியலையே." அந்த அம்மாள் மூச்சை உறிஞ்சி இழுத்தார். அழுகிறார் என்று மூக்கு முதலில் நினைத்தார், அழவில்லை. "இங்க என்ன சார் இப்படி ஒரு வாசனை? பெட்ரோல் மாதிரி."

"அது… பாட்டில் கழுவுற இடம்."

"எதால சார் கழுவுறீங்க?"

இதைவிடச் சரியான கேள்வியை அந்த வளாகத்தில் படித்தவர் எவரும் அதுவரை கேட்டதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குண்டூசி நடந்துபோவது தெரிந்தது.

"சோப்பு" என்றார்.

செக்குக்காரம்மா தலையாட்டினார். "சரி சார். உங்க வேலையைக் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். நம்பிவிட்டார். அந்த அம்மாள் நம்பாமல் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மூக்குக்கு அன்று மதியம் சோறு இறங்கியிருக்கும்.

இறங்காத சோற்றை மூடிவைத்துவிட்டு, குழு மதியக் கூட்டத்தில் இருந்த நேரம் பார்த்து, கழுவும் அறையிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்துவந்தார். எதுவும் ஊற்றாமல் மூடினார். சூடாக்கினார். திருட்டு ஹீலியத்தில் ஓட்டினார். இரண்டே கால் நிமிடத்தில் கோடு எழுந்தது. செக்குக்காரம்மாவின் எண்ணெயில் வந்ததைப்போல இரண்டு மடங்கு உயரம். வரைபடத்தை அச்செடுத்து, நேராகக் குழு அறைக்குள் போனார். அப்போது அவருக்கு நிஜமாகவே தைரியம் இருந்தது. கதவிலிருந்து மேசைவரை நீடித்தது.

"இது என்ன?" என்றார் இயக்குநர்.

"காலிக் குப்பி சார். ஒண்ணுமே ஊத்தல. ஹெக்சேன் வருது."

ஒன்பது நாற்காலியும் அவர் பக்கம் சுழன்றன.

"யார் அனுமதி குடுத்தது?" என்றார் குண்டூசி.

"சார், அந்தச் செக்கு எண்ணெய் ரிப்போர்ட் தப்பு. தப்பு நம்மகிட்ட இருக்கு."

"இருங்க இருங்க." இயக்குநர் கையமர்த்தினார். கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். "நிதானமாச் சொல்லுங்க. குப்பியில ஒண்ணும் ஊத்தல."

"ஆமா சார்."

"ஆனா ரிசல்ட் வந்திருக்கு."

"ஆமா சார்."

இயக்குநர் குண்டூசியைப் பார்த்தார். குண்டூசி இயக்குநரைப் பார்த்தார். இரண்டு பேர் முகத்திலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது.

"அப்படின்னா," என்றார் குண்டூசி மெதுவாக, "சாம்பிளே வேண்டாமே."

மூக்குக்கு முதலில் விளங்கவில்லை.

"சாம்பிள் எடுக்க ஆள், கொண்டுவர வண்டி, வைக்கக் குளிர்பெட்டி" என்று குண்டூசி விரல் மடக்கினார். "இத்தனையும் எதுக்கு? மெஷின் தானாவே ரிசல்ட் குடுக்குது. இத்தனை நாள் யாரும் கவனிக்கல."

"இவர்தான் கவனிச்சிருக்கார்" என்றார் இயக்குநர். எழுந்துவந்து மூக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த ஆய்வகத்துல சோதனைங்கறது முடிவைத் தெரிஞ்சுக்கறதுக்காகன்னு ஒரு பழைய எண்ணம் இருக்கு. இல்ல. சோதனைங்கறது முடிவைக் கொடுக்கறதுக்காக. அதை இவர் நிரூபிச்சிட்டார்."

மூக்கு, சார், அது இல்லை சார், என்று இரண்டு தடவை சொன்னார். கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை.

அந்த மாதக் கூட்டத்தில் 'மாதிரியில்லாச் சோதனை முறை'யின் முன்னோடி என்று அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மறுக்க முடியாமல் இல்லை, மறுக்கவில்லை. வாங்கிக்கொண்டு, படத்துக்கு நின்று, "நன்றி" என்றார். வீட்டில் மனைவி கேடயத்தைத் துடைக்கும்போது மேலே ஒட்டியிருந்த சீட்டு நனைந்து உரிந்துவந்தது. அடியில் பழைய எழுத்து தெரிந்தது: துல்லியத்துக்கான விருது. கேடயத்தையும் மறுபயன்பாடு செய்திருந்தார்கள்.

"எதுக்குங்க இது?" என்றார் மனைவி.

அன்றைக்குத்தான் மூக்கு சொன்னார். ஹெக்சேன், குப்பி, கையெழுத்து, தொட்டியில் ஊற்றிய எண்ணெய், சோப்பு என்று ஒன்று விடாமல் சொன்னார். மனைவி கத்துவார் என்று எதிர்பார்த்தார். மனைவி கேடயத்தைத் துணியில் சுற்றி, பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்தார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"மேல்முறையீட்டுல சொல்லிடுறேன்."

"இங்கேர்ந்து அடுத்த தெருதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

மூக்கு அடுத்த தெருவுக்குப் போகவில்லை. அந்தத் தெரு வழியாக அலுவலகம் போவதையும் நிறுத்தி, சுற்றிப் போக ஆரம்பித்தார். விசாரணையன்று சட்டைப் பையில் காலிக் குப்பியின் வரைபடம் இருந்தது. முந்தின நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்திருந்தார். 'ஐயா, அந்தக் குப்பி ஹெக்சேனில் கழுவப்பட்டது.' ஆறு சொற்கள்கூட இல்லை.

மேல்முறையீட்டு அதிகாரியின் அறையில் ஒரு பக்கம் செக்குக்காரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் இயக்குநர், குண்டூசி, மூக்கு. இயக்குநர் கடிகாரத்தைக் கழற்றினார்.

"உங்க ஆய்வகத்தோட தரத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார் அதிகாரி. சம்பிரதாயமான கேள்விதான்.

மூக்கு பைக்குள் கையை விட்டார். தாளின் விளிம்பு விரலில் பட்டது. இப்போது, இப்போது என்று மனது அடித்துக்கொண்டது. தொண்டையைச் செருமினார். அதற்குள் இயக்குநர் ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, நாட்டுக்கே முன்மாதிரியான ஆய்வகம் எங்களுது. ஒரு குப்பியை நாற்பது தடவை பயன்படுத்துறோம். அடுப்புல காயவைக்கிறதில்ல. வெறும் குப்பியைச் சோதிச்சு வாயுவை வீணாக்குறதில்ல. இதெல்லாம் விடுங்க. ஆறு மாசமா எங்க ஆய்வகம் ஒரு கட்டி சோப்புகூட வாங்கல. கணக்கு எடுத்துப் பாருங்க. எல்லாக் குப்பியையும் பழைய ஹெக்சேன்லயே கழுவிடுறோம்."

அதிகாரியின் பேனா நின்றது. "எதுலே கழுவுறீங்க?"

"ஹெக்சேன்ல" என்றார் இயக்குநர் பூரிப்போடு. "பளிச்சுன்னு ஆயிடும்."

குண்டூசியின் முகத்தில் ஈயாடவில்லை. இயக்குநர், பாராட்டு வரப்போகிறது என்று காத்திருந்தார்.

செக்குக்காரம்மா இயக்குநரைப் பார்க்கவில்லை. திரும்பி மூக்கைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டி, வேறு யாரோ திறந்தால் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தார். மூக்கு தலையைக் குனிந்துகொண்டார். பையிலிருந்த தாளை எடுத்து, நான்காக மடித்தது நான்காகவே, அதிகாரியின் மேசைமேல் வைத்தார்.

அதிகாரி பிரித்துப் படித்தார். தேதியைப் பார்த்தார்.

"இது இருபது நாள் முன்னாடி எடுத்தது."

"ஆமாங்க."

"இருபது நாளா உங்க பையிலயா இருந்துச்சு?"

சொல்ல வேண்டிய உண்மையை இயக்குநர் பெருமையடித்து உளறித் தீர்த்துவிட்டார். மூக்குக்கு மிச்சமிருந்தது தேதி மட்டும்தான்.

சீல் உடைக்கப்பட்டது. கலப்படத் தாளைக் கிழித்தார்கள். பசை மட்டும் கதவில் நின்றது. ஆய்வகத்திலும் நடவடிக்கை எடுத்தார்கள். குப்பிகளைக் கழுவுவதால்தான் இத்தனை சிக்கல் என்று குழு கண்டறிந்து, இனிமேல் கழுவவே வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்டது, ஹெக்சேனும் மிச்சம். அனுமதியின்றிக் காலிக் குப்பியைச் சோதித்ததற்காக மூக்குக்குக் குறிப்பாணை வந்தது. அவர் பதிலில், 'குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்' என்று எழுதினார். எந்தக் குற்றம் என்று எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மனைவி பழைய எண்ணெய் பாட்டிலைத் தேய்த்துக் கழுவினார். சோப்புப் போட்டு மூன்று தடவை, வெந்நீரில் இரண்டு தடவை. வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, மூக்கின் கையில் கொடுத்தார்.

"போய் வாங்கிட்டு வாங்க. நீங்கதான் போகணும்."

கொட்டகையில் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். முன்பெல்லாம் இருபது பேர் நிற்பார்கள். செக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு வரிசையில் கடைசியாக நின்றார். யாரிடமும் அவரைக் காட்டி அந்த அம்மாள் எதுவும் சொல்லவில்லை. முறை வந்ததும் பாட்டிலை நீட்டினார். மன்னிச்சுடுங்கம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

செக்குக்காரம்மா பாட்டிலை வாங்கினார். மூடியைத் திருகித் திறந்தார். தன் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"எதால சார் கழுவுனது?"

மூக்குக்குக் காது மடல்வரை சூடேறியது.

"சோப்பு" என்றார்.

செக்குக்காரம்மா தலையாட்டினார். பாட்டிலை மூடி, பத்திரமாக மேசையின் ஓரத்தில் வைத்தார். பின்னால் திரும்பி, அலமாரியிலிருந்து தன்னுடைய புது பாட்டில் ஒன்றை எடுத்து, அதில் எண்ணெயை நிரப்பினார்.

"பாட்டிலுக்குத் தனியாக் காசு ஆகும் சார்" என்றார்.